பதிவேட்டில் தாயின் பெயர்

இருப்புப்பாதை அலுவலகத்தில் பதிவேடுகளுக்கிடையே நாளைக் கழிப்பவனுக்கு ஒரு பழக்கம் படிந்துவிடுகின்றது. எந்த ஏட்டைக் கண்டாலும் அதில் எழுதியிருப்பதை அவன் முதலில் படிப்பதில்லை. மேலே கோடு கிழித்துப் பிரித்திருக்கும் கட்டங்களின் தலைப்புகளைத்தான் படிக்கின்றான். அந்த ஏடு எதற்காக வைக்கப்பட்டது, யார் யாருக்குக் கணக்குக் காட்டுகின்றார், எது களவு போகும் என்று அஞ்சுகின்றார் என்பவையெல்லாம் அத்தலைப்புகளிலேயே அடங்கிக் கிடக்கும். பார்சல் பதிவேட்டில் எடை, புறப்பட்ட நிலையம், சேரும் நிலையம், அடையாளக் குறி, கட்டணம் என்றிருக்கும். பெட்டிக்குள் இருப்பது பாட்டி இடித்தனுப்பிய சீயக்காயா, மகளுக்கு அனுப்பும் சீர்ப் பாத்திரமா என்பதைப் பற்றிப் பதிவேட்டுக்குக் கவலை இல்லை.

அண்மையில் வேறொரு வகை ஏட்டின் நிழற்படப் படிகளைப் பார்க்க நேர்ந்தது. ஊர், ஜமைக்காத் தீவு. ஆண்டு, 1817. பக்கத்தின் தலையில் ஒரு வெள்ளைத் தோட்ட முதலாளியின் பெயர் அழகிய கையெழுத்தில் இருந்தது. அதன்கீழ்க் கட்டங்கள்: பெயர், நிறம், வயது, ஆப்பிரிக்காவில் பிறந்தவரா தீவில் பிறந்தவரா, குறிப்பு. ஆண்கள் ஒரு வரிசை; பெண்கள் ஒரு வரிசை. எழுதிய எழுத்தன் தன் தொழிலைச் செம்மையாகச் செய்திருந்தான். அடித்தல் திருத்தல் இல்லை. இறுதியில் கூட்டுத்தொகையும் போட்டிருந்தான். என் கண் பழக்கத்தினால் முதலில் அக்கூட்டுத்தொகை சரிதானா என்றுதான் பார்த்தது. அதற்குப் பின்னரே, கூட்டப்பட்டவர்கள் மனிதர்கள் என்பது நெஞ்சில் உறைத்தது. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

அன்பர்களே, பிழைப்பின் பொருட்டு ஊரை விட்டு வந்தவர்கள் நாம். எனினும் நம்முள் பலருக்குப் பாட்டனார் பெயர் தெரியும். அவர் தந்தையின் பெயரும் தெரியும். குலதெய்வம் எந்த ஊர் எல்லையில் நிற்கின்றது என்பதும் தெரியும். இவை ஒன்றும் கைக்கெட்டாதபடி அறுத்தெறியப்பட்ட மக்கள் உலகில் பல இலட்சம் பேர் உளர். மேற்கிந்தியத் தீவுகளுக்கு அடிமைகளாகக் கொண்டு செல்லப்பட்ட ஆப்பிரிக்கரின் வழித்தோன்றல்களே அவர்கள். அவர்களுள் தம் முன்னோரைத் தேடப் புகுவோர், தம் முன்னோரை விலைபொருளாக எண்ணி எழுதிய அந்த ஏடுகளையே இன்று திறக்க வேண்டியிருக்கின்றது. அதைப் பற்றியே இத்திங்கள் எழுதுகின்றேன்.

அடிமைகளைப் பதிவு செய்யும் வழக்கம் எப்படித் தோன்றியது என்பதை முதலில் சொல்லவேண்டும். 1807-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பாராளுமன்றம் அடிமை வணிகத்தைத் தடை செய்தது. வணிகத்தைத்தான் தடுத்தது, அடிமைத்தனத்தை அன்று. கடல் கடந்து புதிதாக ஆட்களைக் கொணர்ந்து விற்றல் குற்றமாயிற்று. முன்பே வாங்கி வைத்திருந்தவர்களை வைத்து வேலை வாங்குதல் குற்றமாகவில்லை. இத்தகைய சட்டம் எதை வளர்க்கும் என்பது சுங்கச் சாவடியில் நின்று பார்த்த எவருக்கும் தெரியும். கள்ளக் கடத்தல் வளர்ந்தது. தோட்டத்தில் இருப்பவன் பழைய அடிமையா, நேற்றிரவு கரையிறக்கப்பட்டவனா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இருப்பவர் அனைவரையும் ஒருமுறை எண்ணி எழுதிவிட்டால், பின்னர் ஏட்டில் இல்லாதவன் கள்ளத்தனமாக வந்தவன் என்பது விளங்கிவிடும். வில்பர்போர்ஸ் என்பாரின் சகோதரியை மணந்தவரும் வழக்கறிஞருமான ஜேம்ஸ் ஸ்டீபன் இம்முறையை வற்புறுத்தினார்.

முதலில் இது டிரினிடாட் தீவில் நடைமுறைக்கு வந்தது. ஸ்பானியரிடமிருந்து 1797-இல் கைப்பற்றப்பட்ட அத்தீவில் தோட்ட முதலாளிகளின் சட்டசபை இல்லை. ஆகவே 1812-ஆம் ஆண்டு அரசரின் ஆணை ஒன்றினாலேயே அங்குப் பதிவைப் புகுத்த முடிந்தது. சட்டசபை உள்ள தீவுகளோ சீறி எழுந்தன. எங்கள் உடைமையை எண்ணிப் பார்க்க இலண்டனுக்கு என்ன உரிமை என்று முதலாளிகள் கூட்டம் போட்டுப் பேசினர்; பத்திரிகைகளில் எழுதினர். அவர்கள் பேசியதையும் எழுதியதையும் அவர்களுக்கு உணவு பரிமாறியவர்கள் கேட்டுக்கொண்டிருந்தனர் என்பதை அவர்கள் நினைக்கவில்லை.

பார்படோஸ் தீவில் நிகழ்ந்தது இதுதான். பதிவு மசோதாவைக் கண்டு முதலாளிகள் இவ்வளவு அஞ்சுகின்றார்கள் என்றால், அது விடுதலைச் சட்டமாகத்தான் இருக்கவேண்டும் என்று அடிமைகள் முடிவு செய்தனர். இலண்டனில் அரசர் விடுதலை கொடுத்துவிட்டார், இங்குள்ளவர்கள் அதை மறைக்கின்றார்கள் என்ற செய்தி தோட்டந்தோட்டமாகப் பரவிற்று. நானி கிரிக் என்னும் பணிப்பெண் பத்திரிகை படிக்கத் தெரிந்தவள் என்றும், விடுதலை வரப்போகின்றது என்று மற்றவர்களுக்குச் சொன்னாள் என்றும் பின்னர் நடந்த விசாரணையில் வாக்குமூலம் உள்ளது. 1816-ஆம் ஆண்டு ஈஸ்டர் ஞாயிறன்று இரவு கரும்புத் தோட்டங்கள் பற்றி எரிந்தன. புஸ்ஸா என்பார் தலைமையில் எழுந்த அக்கிளர்ச்சியைப் படை கொண்டு சில நாட்களில் அடக்கினர். நூற்றுக்கு மேற்பட்டோர் தூக்கிலிடப்பட்டனர். மறு ஆண்டே அத்தீவின் சட்டசபை தானாகவே ஒரு பதிவுச் சட்டத்தை இயற்றிக்கொண்டது. எந்த ஏட்டைத் தம் விடுதலை ஓலை என்று நம்பி அம்மக்கள் உயிர் கொடுத்தனரோ, அந்த ஏட்டில் எஞ்சியோரின் பெயர்கள் ஏறின. முன்னோரைத் தேடுவோர் 1817-ஆம் ஆண்டுப் பார்படோஸ் ஏட்டைப் புரட்டும்போது இதையும் நினைவிற் கொள்ளுதல் நன்று. அதில் இருப்பவர்கள் அவ்வாண்டைக் கடந்து வந்தவர்கள்.

ஜமைக்காவிலும் 1817 ஜூன் 28-ஆம் நாளைக் கணக்கு நாளாக வைத்து முதற் பதிவு நடந்தது. பின்னர் மூன்றாண்டுக்கு ஒருமுறை, 1832 வரை, கணக்குக் கொடுத்தார்கள். முதல் முறை அனைவர் பெயரும் எழுதப்பட்டது. அடுத்த முறைகளில் கூடுதல், குறைவு இரண்டை மட்டும் எழுதினார்கள். பிறப்பும் விலைக்கு வாங்கியதும் கூடுதல். இறப்பும் விற்பனையும் விடுதலை முறி பெற்றதும் ஓடிப்போனதும் குறைவு. நம் அலுவலகத்து இருப்புக் கணக்கு எப்படியோ அப்படியே. தொடக்க இருப்பு, வரவு, செலவு, முடிவு இருப்பு.

1819-இல் இலண்டனில் இதற்கென ஒரு தனி அலுவலகம் சட்டத்தினால் நிறுவப்பட்டது. தீவுகளில் எழுதிய ஏடுகளின் படிகள் அங்கு வந்து சேர்ந்தன. பதிவேறாத அடிமையின்பேரில் இங்கிலாந்தில் அடமானக் கடனோ விற்பனையோ செல்லாது என்றும் அச்சட்டம் விதித்தது. கடன் கொடுப்பவனின் கண்டிப்பு அரசாங்கத்தின் கண்டிப்பைவிடக் கடுமையானது. ஆதலால் முதலாளிகள் ஏட்டை ஒழுங்காக எழுதலாயினர். படி என்று சொன்னவுடன் நமக்கு நினைவுக்கு வருவது சுந்தரமூர்த்தி நாயனாரின் கதை. புத்தூர்த் திருமணப் பந்தலில் முதிய வேதியர் காட்டிய ஆளோலையைச் சுந்தரர் பறித்துக் கிழித்துவிட்டார். ஆனால் வேதியரிடம் மூலவோலை வேறு இருந்தது. திருவெண்ணெய்நல்லூர் அவையில் அது வெளிப்பட்டது. அங்கு நடந்தது அருளின் விளையாட்டு. இங்கு அருள் என்ற பேச்சுக்கே இடமில்லை. எனினும் தீவுகளில் எரிந்தும் கரையான் அரித்தும் ஓலைகள் போனாலும் இலண்டனில் ஒரு படி நின்றது. அவ்வேடுகள் ஏறத்தாழ 700 தொகுதிகள். அவை இன்று இலண்டனை அடுத்த கியூ என்னுமிடத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. மேற்கிந்தியத் தீவுகளுக்குரிய பதிவேடுகளை 2009-இல் ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டுக் கழகம் உலக நினைவு ஏடுகளுள் ஒன்றாகச் சேர்த்தது. அவற்றின் நிழற்படங்களை இன்று கணினித் திரையிலேயே புரட்ட முடிகின்றது.

நிற்க. இந்த ஏடுகளில் ஒருவர் தம் பாட்டியின் பாட்டியைத் தேடுவது எப்படி?

பெயர்வரிசையைப் பார்த்துத் தேட முடியாது என்பதே முதல் இடர். ஜமைக்கா ஏடுகள் வட்டவாரியாகவும் உடைமையாளர் பெயர்வாரியாகவும் அடுக்கப்பட்டவை. அடிமைக்குப் பெரும்பாலும் ஒற்றைப் பெயர்தான். குடும்பப் பெயர் இல்லை. ஆகவே தேடுகின்ற பேத்தி முதலில் தன் முன்னோரை விலைக்கு வைத்திருந்தவனின் பெயரைக் கண்டுபிடிக்கவேண்டும். அவன் பெயர் தெரியாவிடில் இவள் பெயர் கிடைக்காது. இத்தேடலில் மிகக் கசப்பான படி இதுதான் என்று எனக்குத் தோன்றுகின்றது.

இருப்பவரிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி நடக்கவேண்டும். ஜமைக்காவில் 1878-ஆம் ஆண்டு முதல் அரசாங்கப் பிறப்பு இறப்புப் பதிவு உண்டு. அதற்கு முன்பு திருச்சபை ஏடுகள்: ஞானஸ்நானம், திருமணம், அடக்கம். எடுத்துக்காட்டாக, ஒரு பாட்டி 1829-ஐ ஒட்டிப் பிறந்தவள் என்று திருச்சபை ஏட்டினால் தெரிகின்றது என்று கொள்வோம். அவளது வட்டத்தில் எந்தத் தோட்டத்தில் அவள் பிறந்திருக்கக் கூடும் என்று ஆய்ந்து, அத்தோட்ட முதலாளியின் 1829, 1832-ஆம் ஆண்டுக் கணக்குகளைப் பார்க்கவேண்டும். கூடுதல் என்ற பகுதியில் அவள் பெயர் இருக்கும். குறிப்புக் கட்டத்தில் இன்னாளின் மகள் என்று எழுதியிருக்கும். தாயின் பெயர் கிடைத்துவிட்டது. அத்தாயைத் தேடி 1817-ஆம் ஆண்டு முதற் பதிவுக்குப் போனால், அவள் ஏழு வயதுச் சிறுமியாக நிற்பாள். அருகிலேயோ சில வரிகளுக்கு மேலேயோ அவள் தாய் நாற்பது வயதினளாக நிற்கக்கூடும். அவள் பெயருக்கு நேரே ஆப்பிரிக்கர் என்ற ஒரு சொல் இருக்கும். அந்த ஒரு சொல்லோடு பாதை முடிந்துவிடும். எந்த நாடு, எந்த மொழி, எந்த ஆறு, யார் மகள் என்பதற்கு ஜமைக்கா ஏட்டில் கட்டம் இல்லை.

டிரினிடாட் ஏடு இவ்வகையில் சற்று வளமானது. அங்கு நாடு என்று ஒரு கட்டம் உண்டு; அதில் இபோ, காங்கோ, மாண்டிங்கோ என்று இனத்தின் பெயரையும் எழுதியிருக்கின்றார்கள். உயரம் இத்தனை அடி இத்தனை அங்குலம் என்றும் உடம்பின் தழும்புகள் இவை என்றும் கண்டிருக்கின்றது. ஆள் மாறாட்டம் செய்யாதிருக்க எழுதியவை இவை. ஆயினும் முன்னோரின் ஓவியமோ படமோ ஒன்றும் இல்லாத ஒரு குடும்பத்தினர், தம் மூதாட்டி எவ்வளவு உயரம் இருந்தாள் என்பதை அந்த ஏட்டினால் அறிந்துகொள்கின்றனர்.

தாயின் பெயர் ஏன் இருக்கின்றது, தந்தையின் பெயர் ஏன் இல்லை என்று கேட்கலாம். தாய் யாருடைய உடைமையோ குழந்தையும் அவருடைய உடைமை என்பதே அக்காலச் சட்டம். பசுவின் கன்று பசுவுக்குரியவனைச் சேரும் என்பதைப் போன்ற கணக்கு. ஆகவே உரிமையை மெய்ப்பிக்கத் தாயின் பெயர் போதுமானதாக இருந்தது. தந்தை அடிமையாயினும் சரி, அத்தோட்டத்து வெள்ளைக்காரனே ஆயினும் சரி, அவன் பெயரை எழுதுவதில் யாருக்கும் ஆதாயம் இல்லை. சட்டத்தின் இக்கொடுமையே இன்று தேடுவோருக்குக் கைப்பிடி ஆயிற்று. மகள், தாய், தாயின் தாய் என்று பெண்வழியில் மட்டும் அந்த ஏடு வழிவிடுகின்றது.

பெயர்களைப் பற்றியும் சில சொல்லவேண்டும். சீசர், பாம்பி, வீனஸ் என்று பழைய ரோமாபுரிப் பெயர்களையும், இலண்டன், பிரிஸ்டல் என்று ஊர்ப் பெயர்களையும் முதலாளிகள் வேடிக்கையாகச் சூட்டினர். நாய்க்குப் பெயர் வைக்கும் மனநிலை அது. ஆனால் அவற்றிடையே கட்ஜோ, கஃபி, குவாஷி, ஜூபா, பிபா, மிம்பா என்ற பெயர்களும் வருகின்றன. இவை மேற்கு ஆப்பிரிக்காவில் இன்றைய கானா நாட்டு அக்கான் மக்களின் கிழமைப் பெயர்கள். திங்களன்று பிறந்த ஆண் கட்ஜோ; பெண் ஜூபா. வெள்ளியன்று பிறந்த ஆண் கஃபி, பெண் பிபா. வெள்ளிக்கிழமை பிறந்த பெண்ணுக்கு வெள்ளையம்மாள் என்று பெயரிடும் நம் நாட்டுப்புற வழக்கம் அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மொழி மறந்து தலைமுறைகள் கடந்த பின்னரும் ஒரு தாய் தன் குழந்தைக்குக் கிழமைப் பெயரை வைத்திருக்கின்றாள். எழுத்தன் அதைத் தன் காதில் விழுந்தவாறு எழுதியிருக்கின்றான். ஒரே தோட்டத்தில் பலர் அப்பெயர் தாங்கியிருப்பின் கிழ பிபா, சின்ன பிபா என்று பிரித்தெழுதினான். பின்னர் ஞானஸ்நானம் பெற்றவர்கள் கிறித்தவப் பெயரும் குடும்பப் பெயரும் கொண்டனர். பழைய பெயருக்குப் பக்கத்தில் புதுப் பெயரையும் குறித்துவைத்த எழுத்தன் வாழ்க! அவன் அப்படிக் குறிக்காமல் விட்ட இடங்களில் குடும்பங்கள் அறுந்து நிற்கின்றன.

வயதை அப்படியே நம்பக்கூடாது. முப்பது, நாற்பது, ஐம்பது என்று முழு எண்களாகவே பல வரும். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவரின் வயதை யார் கண்டார்? பார்த்து மதிப்பிட்டதுதான்.

இந்த ஏடுகள் முதலாளிகளையும் ஒருமுறை கடித்தன. பிறப்பைவிட இறப்பு மிகுதி என்பது மூன்றாண்டுக் கணக்குகளைக் கூட்டிப் பார்த்தபோது வெளிப்பட்டது. அடிமைகள் நலமாகவே வாழ்கின்றனர் என்று முதலாளிகள் முழங்கிக்கொண்டிருக்க, பாராளுமன்றத்தில் பக்ஸ்டன் என்பவர் கரும்புத் தீவுகளில் மக்கள்தொகை தேய்ந்து வருவதை அவர்கள் கொடுத்த கணக்கிலிருந்தே எடுத்துக் காட்டினார்.

1833-இல் அடிமை ஒழிப்புச் சட்டம் நிறைவேறி, 1834 ஆகஸ்டு 1-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. ஏறத்தாழ 8 இலட்சம் பேர் சட்டப்படி அடிமைகள் அல்லர் ஆயினர். ஆறு வயதிற்கு மேற்பட்டவர்களோ பயிற்சியாளர் என்ற புதுப்பெயரில் அதே முதலாளிக்கு அதே வேலையைக் கூலியின்றிச் செய்ய வைக்கப்பட்டனர். 1838-இல்தான் அதுவும் ஒழிந்தது. உடைமை இழந்த முதலாளிகளுக்கு 2 கோடிப் பவுன் நட்ட ஈடாகக் கொடுக்கப்பட்டது. அரசாங்கத்தின் ஓராண்டுச் செலவில் ஏறக்குறைய நூற்றுக்கு 40 பங்கு அது. உழைத்தவர்களுக்கு ஒரு காசும் இல்லை. அந்தத் தொகைக்காக வாங்கிய கடன் 2015-ஆம் ஆண்டில்தான் முற்றும் தீர்ந்தது என்று இங்கிலாந்தின் கருவூலத்துறை 2018-இல் தெரிவித்தது. இடைக்காலத்தில் இங்கிலாந்தில் குடியேறி வரி செலுத்திய மேற்கிந்தியர்களும், தம் முன்னோரை விட்டுவிட முதலாளிக்குக் கொடுத்த பணத்தின் கடனைச் சேர்ந்தே அடைத்திருக்கின்றனர் என்பது பொருள். நட்ட ஈட்டுக் கணக்குகளில் அடிமைகளின் எண்ணிக்கைதான் உண்டு, பெயர்கள் இல்லை. அவற்றை இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியினர் ஆராய்ந்து யார் எவ்வளவு பெற்றனர் என்பதை 2013-இல் யாவரும் காணும்படி வெளியிட்டனர். அதனால் முதலாளியின் பெயரைக் கண்டுபிடித்தல் இப்போது எளிதாயிற்று. அங்கிருந்து பதிவேட்டுக்குப் போகலாம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கறுப்பின மக்களுக்கு இந்த அளவு வசதியும் இல்லை. அங்கு 1850, 1860-ஆம் ஆண்டுக் குடிக்கணக்குகளில் அடிமைகளின் வயது, பால், நிறம் ஆகியவற்றை முதலாளியின் பெயருக்குக் கீழ் எழுதினார்களே அன்றிப் பெயரை எழுதவில்லை. 1870-ஆம் ஆண்டுக் கணக்கில்தான் முதன்முறையாக எல்லோரும் பெயரோடு வருகின்றனர். அதற்கு அப்பால் பின்னோக்கிப் போக முயல்வோர் சுவரில் முட்டிக்கொள்கின்றனர். அவர்களோடு ஒப்பிடும்போது ஜமைக்காவின் பேத்தி பேறு பெற்றவள் என்று சொல்லவேண்டியிருப்பதே ஒரு கொடுமை.

இதில் நமக்கு என்ன தொடர்பு என்று சில அன்பர்கள் கேட்கக்கூடும். தொடர்பு இருக்கின்றது.

கியூவில் உள்ள அதே வரிசையில் மொரீஷியஸ் தீவின் பதிவேடுகளும் இருக்கின்றன. பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில் அத்தீவுக்கு மொசாம்பிக்கிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் மட்டுமின்றி நம் புதுவைக் கரையிலிருந்தும் அடிமைகளைக் கொண்டுபோயினர். ஏட்டில் அவர்களுக்கு மலபார் என்று இனம் குறித்தார்கள். அக்கால ஐரோப்பியர் தமிழரையும் அப்பெயராலேயே அழைத்தனர். ஒப்பந்தக் கூலிகளாக நம்மவர் மொரீஷியசுக்குப் போன கதையை நாம் அறிவோம்; அதற்கு முன்னரே அடிமைகளாகப் போனவர்கள் இருந்தனர் என்பதை நாம் பேசுவதில்லை. தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையிலும் இவ்வாறே. நாகப்பட்டினத்தைக் கைப்பற்றியிருந்த டச்சுக்காரர், 1659-ஐ ஒட்டித் தஞ்சைச் சீமையில் பஞ்சம் வந்தபோது ஆயிரக்கணக்கானோரை மலிவாக வாங்கிக் கப்பலேற்றினர்.

ஒப்பந்தக் கூலிகளின் ஏட்டை இதனோடு ஒத்துப் பாருங்கள். 1860-இல் சென்னையிலிருந்து டுரூரோ என்ற கப்பல் நேட்டாலுக்குப் போயிற்று. அக்கப்பல் முதலாக எழுதிய பட்டியல்களில் தந்தை பெயர் என்று ஒரு கட்டம் இருக்கின்றது. சாதி, ஜில்லா, கிராமம் என்றும் இருக்கின்றன. அவர்களும் துன்பப்பட்டார்கள்; ஐயமில்லை. ஆயினும் தென்னாப்பிரிக்காவிலிருந்து ஒரு கொள்ளுப்பேரன் அப்பட்டியலின் படியைக் கையில் ஏந்திக்கொண்டு வட ஆர்க்காட்டுக் கிராமம் ஒன்றில் வந்து இறங்கிவிட முடிகின்றது. மலபார் என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எந்த ஊரில் இறங்குவது?

சொல்லத் தயங்கும் செய்தி இனித்தான் வருகின்றது. அந்த வரிசையில் இலங்கையின் பதிவேடுகளும் உள்ளன. 1818-இல் யாழ்ப்பாணப் பகுதியில் அடிமைகளைப் பதிவு செய்யச் சட்டம் வந்தது. அங்கு உடைமையாளர் கட்டத்திலும் தமிழ்ப் பெயர்கள். அடிமைக் கட்டத்திலும் தமிழ்ப் பெயர்கள். சில குடிகளை அடிமைக் குடிகள் என்று சாதிப் பெயர் சுட்டியே அச்சட்டம் எழுதிற்று. அக்குடிகளில் பிறந்தவர்கள் இன்று நம்மோடு சமமாக உட்கார்ந்து இவ்விதழைப் படிக்கின்றார்கள். ஆதலால் அப்பெயர்களை நான் இங்குத் திரும்ப எழுதவில்லை. 1816 ஆகஸ்டு 12-க்குப் பின் பிறக்கும் குழந்தைகளை விடுதலையுடையோர் ஆக்கத் தலைமை நீதிபதி அலெக்சாந்தர் ஜான்ஸ்டன் உடைமையாளர்களை இசைவித்தார். அடிமைமுறை சட்டத்தில் முற்றும் ஒழிந்தது 1844-இல்.

தாய்நாட்டிலோ பதிவேடே இல்லை. 1833-ஆம் ஆண்டுச் சட்டம் கும்பினியார் ஆண்ட இந்தியாவுக்குப் பொருந்தாது என்று அதிலேயே விலக்கி எழுதிவிட்டார்கள். 1843-இல் ஐந்தாம் சட்டம் வந்தது. அடிமை என்ற உரிமையை எந்த வழக்குமன்றமும் ஏற்காது என்று மட்டும் அது சொல்லிற்று. எண்ணவும் இல்லை; எழுதவும் இல்லை. சோழர் காலக் கல்வெட்டிலும் ஆட்களை விற்ற செய்தி இருக்கின்றது. பிற்கால ஓலைகளிலும் இருக்கின்றது. வயலோடு சேர்த்து விற்கப்பட்ட ஒருவரின் வழித்தோன்றல் தம் முன்னோரைத் தேடினால், வேறொருவர் வீட்டுப் பெட்டியில் கிடக்கும் ஓலையில்தான் தேடவேண்டும்.

அப்படிப்பட்ட பெட்டி ஒன்று எங்கள் வீட்டிலும் இருந்தது. தஞ்சை மாவட்டத்தில் எங்கள் ஊர் வீட்டை விற்றபோது பாட்டனாரின் மரப்பெட்டி என் பங்குக்கு வந்தது. அதில் இருந்த ஓலைகளைப் பழைய எழுத்துத் தெரிந்த ஒரு தமிழாசிரியர் இவ்வூரில் எனக்குப் படித்துச் சொன்னார். ஒன்று கிரய ஓலை. விக்கிரம ஆண்டு, சகாப்தம் 1742 என்று கண்டிருப்பதால் அது 1820-ஐச் சேர்ந்தது. எங்கள் முன்னோர் ஒருவர் நிலம் வாங்கியிருக்கின்றார். நஞ்சை, புஞ்சை, மாவடை, மரவடை, கிணறு என்று ஆசிரியர் படித்துக்கொண்டே வந்தவர் சற்று நிறுத்தினார். பின்னர், நான்கு ஆட்கள் என்று படித்து, நால்வரின் பெயரையும் படித்தார். இரண்டு ஆண், இரண்டு பெண். எங்கள் குடும்பத்தின் பெருமை பேசும்போது அந்த நிலத்தைப் பற்றி நான் நூறு முறை கேட்டிருக்கின்றேன்.

ஊரில் இருக்கும் பெரியப்பாவுக்கு அந்நான்கு பெயர்களையும் எழுதி, அப்பெயர்கள் வழிவழியாக வழங்கும் குடும்பம் கீழத்தெருவில் உண்டா என்று கேட்டிருந்தேன். எண்பத்திரண்டு வயதிலும் தம் கையாலேயே விடை எழுதினார். வெளியூரில் இருப்பவனுக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு, பிள்ளைகளுக்கு வரன் பார்க்கும் காலத்தில் இவையெல்லாம் வேண்டாம் என்று இரண்டு பக்கம் கண்டித்திருந்தார். கடிதத்தின் ஓரத்தில், மடித்த இடத்தில், அந்நான்கு பெயர்களில் ஒன்றைத் திரும்ப எழுதி, "இந்தப் பெயர் கொண்ட ஒரு கிழவி என் சிறு வயதில் நம் வீட்டுக் களத்தில் நெல் தூற்றுவாள். அவள் பேரன் திருச்சியில் தபால் இலாகாவில் வேலையாய் இருப்பதாகக் கேள்வி" என்று எழுதியிருக்கின்றார்.

அவருடைய முகவரியை விசாரித்துக்கொண்டிருக்கின்றேன். கிடைத்தால் ஓலையின் படியை அனுப்புவதா, ஓலையையே எடுத்துக்கொண்டு நேரில் போவதா என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை.